நுரையீரலுக்கு வால்வு: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

1/ புதுச்சேரி பீச் ரோட்டில், காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை தினமும் நடந்தவர். என்னிடம் வந்தபோது பாத்ரூம் போய்த் திரும்பவே மூச்சு வாங்கியது. முப்பது வருஷ பீடி. விட்டு ஒரு வருஷம்தான் ஆச்சு. மகன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். "ஆபரேஷன் இல்லாமலே நுரையீரல்ல வால்வு வைக்கிறாங்களாமே சார்? மனையை வித்தாவது அப்பாவுக்கு வச்சிடலாம்."

2/ நோயின் பெயர் எம்பைசீமா. காற்றுப்பைகளின் சுவர் அழிந்து, நுரையீரல் பழைய பலூன் மாதிரி துவண்டுவிடும். இழுத்த காற்று முழுசா வெளியே வராது. உள்ளேயே தேங்கி, நல்லா இருக்கிற பகுதியையும் நசுக்கும். அழிந்த சுவர் எந்த மருந்துக்கும் திரும்ப வளராது.

3/ வீடியோ பொய் இல்லை. 2018ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த வால்வுக்கு அனுமதி கொடுத்தது. நெஞ்சைத் திறக்காமல், பிராங்கோஸ்கோப் வழியா, ரொம்பக் கெட்டுப்போன மடலுக்குப் போகிற குழாய்களில் ஒருவழி வால்வுகளைப் பொருத்துவார்கள். காற்று வெளியே வரும், உள்ளே போகாது. அந்த மடல் சுருங்கினால், மற்ற பகுதிக்கு விரிய இடம் கிடைக்கும்.

4/ ஆனா ஒரு நிபந்தனை. மடல்களுக்கு நடுவே உள்ள பிரிவு முழுசா இருக்கணும். இல்லைன்னா பக்கத்து மடலிலிருந்து காற்று புகுந்துவிடும், வால்வு வைத்தும் பயன் இல்லை. சிடி ஸ்கேனிலும், தேவைப்பட்டால் குழாயைப் பலூனால் அடைத்துப் பார்க்கும் சோதனையிலும் இது தெரியும்.

5/ ஆபத்தும் உண்டு. 2018ல் வந்த லிபரேட் ஆய்வில், வால்வு வைத்தவர்களில் நாலில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து நெஞ்சறைக்குள் காற்று கசிந்தது. அதனால்தான் வைத்த பிறகு சில நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்வார்கள். புகைப்பவர்களுக்கு வைப்பதில்லை.

6/ இவருக்கு ரெண்டு பக்கமும் பிரிவு முழுசா இல்லை. "வேண்டாம்" என்றேன். மகன் முகம் மாறிவிட்டது. "நாங்க பணம் கட்ட மாட்டோம்னு நினைக்கிறீங்களா சார்?" ஸ்கேனைத் திரையில் வைத்து அரைமணி நேரம் விளக்கினேன். பெரியவர்தான் முடித்துவைத்தார். "வுடுப்பா. மனை பேரனுக்கு இருக்கட்டும்."

7/ பிறகு இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொன்னேன். ரெண்டு வருஷமா தப்பா இழுத்திருக்கிறார். அதைத் திருத்தினோம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டோம். பிசியோதெரபியில் கால், கை பயிற்சி, உதட்டைக் குவித்து மெதுவா மூச்சு விடும் பழக்கம். நுரையீரல் மாறவில்லை. மூணு மாசத்தில் அவர் மாறினார். இப்போ பாதி பீச் ரோடு, நடுவில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்து.

8/ உங்க வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தா, வால்வு பற்றி தாராளமா கேளுங்க. கூடவே, "எங்களுக்கு அது பொருந்துமா?" என்றும் கேளுங்க. மனையை விற்பதற்கு முன்னாடி.