எங்க காலேஜ் ஹாக்கி டீம்: இந்த வருஷம் தேறுமா, தேறாதா?

கிரிக்கெட் பற்றி எழுதினால் நாலு பேர் சண்டைக்கு வருவீர்கள். சினிமா பற்றி எழுதினால் நாற்பது பேர் வருவீர்கள். ஹாக்கிக்கு யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் இருக்கிறது, பாதியில் ஓடிவிடாதீர்கள் :)

நான் டீமில் ஆடுகிறவன் இல்லை. ஸ்கோர் எழுதுவது, தண்ணி கேன் தூக்குவது, பிராக்டிஸ் முடிந்ததும் ஸ்டிக்குகளை எண்ணி ரூமில் வைத்துப் பூட்டுவது, இதெல்லாம் என் வேலை. ஊர் மேல்மலையனூர். செஞ்சி வந்து பஸ் மாறித்தான் காலேஜ். எங்க ஊர்ப் பக்கமிருந்து டீமில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அமாவாசை அன்றைக்கு அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் கூடும். ஊருக்கு வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் அன்று மட்டும் எங்கள் மூன்று பேரையும் பி.டி. சார் மத்தியானமே அனுப்பிவிடுவார். மாசத்துக்கு ஒரு நாள் அமாவாசை லீவு விடுகிற ஹாக்கி டீம் வேறெங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன வருஷ டீமிலிருந்து ஐந்து பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். கோல்கீப்பர், இரண்டு ஃபுல்பேக், சென்டர் ஹாஃப், ஒரு ஃபார்வர்டு. அதாவது கோல்கீப்பரில் ஆரம்பித்து டீமின் முதுகெலும்பே போய்விட்டது. மீதி இருப்பவர்கள் ஒன்பது பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். ஆக மொத்தம் பதினான்கு. பெரிய போட்டிகளில் ஒரு அணிக்குப் பதினெட்டு பேர் வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால் இன்றைய ஹாக்கி முழுக்க வேக ஆட்டம். பதினான்கு பேரை வைத்துக்கொண்டு வேக ஆட்டம் ஆடினால் கடைசிப் பத்து நிமிஷத்தில் நாக்கு வெளியே வந்துவிடும்.

புதுசுகளில் முக்கியமானவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் கோல்கீப்பர். உண்மையில் இவன் கபடி ஆட்டக்காரன். கோல்கீப்பர் வேண்டும் என்று சார் கேட்டதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவன்தான் கையைத் தூக்கினான். கோல் கம்பங்களுக்கு நடுவே 3.66 மீட்டர் அகலம், உயரம் 2.14 மீட்டர். பேடைக் கட்டிக்கொண்டு நின்றால் பயமே இல்லாமல் பந்து மேல் விழுகிறான். ஆனால் பந்தை எந்தப் பக்கம் தட்டிவிடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை. தடுத்த பந்து எதிராளி காலடிக்கே போகிறது.

இரண்டாவது ஆள் சென்டர் ஹாஃப். ஸ்கூலிலேயே நன்றாக ஆடியவன். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போய் இடம் கிடைக்காமல் வந்தவன். பந்தை நிறுத்துவது, திருப்புவது எல்லாம் அழகு. ஒரே கவலை, இவன் படித்தது ஆடியது எல்லாம் மண் தரையில். மண்ணில் பந்து எப்போது எகிறும் என்று தெரியாது, அதனால் கண் கூர்மையாகிவிடும். டர்ஃபில் பந்து எகிறாது, ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் போலத் தோன்றும். அதற்குப் பழக ஆட்டம் வேண்டும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது ஆள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஃபார்வர்டு. எங்க பஸ்தான். D-க்குள், அதாவது கோலைச் சுற்றிய அந்த அரைவட்டத்துக்குள் பந்து கிடைத்தால் யோசிக்கவே மாட்டான், அடித்துவிடுவான். பிராக்டிஸ் ஆட்டங்களில் நான் எழுதிய ஸ்கோர் ஷீட்டில் பாதி கோல் இவன் பேரில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் கஷ்டம். ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்று பஸ்ஸில் தினமும் கேட்கிறான்.

கொஞ்சம் வெளியே பார்ப்போம். பெரிய காலேஜ் டீம்களுக்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது? பேரைப் பார்த்தே வருகிறார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன் பாஸ்கரன், சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். இப்படி ஒரு பெயர் இருந்தால் போதும், அடுத்த தலைமுறைப் பையன்கள் தானாக அந்தக் கேட்டுக்கு வருவார்கள். கோவில்பட்டியில் வேறு மாதிரி. அங்கே ஊரே ஹாக்கி ஆடுகிறது. தெருப் பையன் கிளப்புக்குப் போகிறான், கிளப்பிலிருந்து விடுதிக்கு, அங்கிருந்து காலேஜுக்கு.

அந்த வழியில் வந்தவர்கள்தான் மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும். 2022 ஆசியக் கோப்பையில் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் நம்முடைய அந்த ஒரு கோல் கார்த்தி அடித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கார்த்தி கோவில்பட்டிக்காரர் இல்லை, அரியலூர்க்காரர். நம்மைப் போலவே ஹாக்கிக்குப் பேர் போகாத ஊர். கோவில்பட்டி விடுதி அவரைக் கண்டுபிடித்தது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது, மலேசியாவை 5-0 என்று அடித்த லீக் ஆட்டத்தில் முதல் கோலும் அவருடையதுதான். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் வந்தன. இந்தியாவுக்கு வெண்கலம். மைதானத்துக்கும் போட்டிக்கும் தமிழ்நாட்டில் குறைவில்லை என்கிறேன். அது செஞ்சி தாண்டி எங்க பக்கம் வர நேரமாகிறது, அவ்வளவுதான்.

இப்போது எங்க ஃபார்வர்டுக்கு வருகிறேன். அவனுக்கு உலகக் கோப்பையெல்லாம் வேண்டாம். ஒரு காகிதம் வேண்டும். பல்கலைக்கழக அணியில் தேர்வாகி, மற்ற பல்கலைக்கழகங்களோடு நடக்கிற போட்டியில் ஆடினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு அதை ‘படிவம் 3’ என்பார்கள். மாநில அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கம்பெனி வேலை இன்றைக்குச் சம்பளம் தரும். இந்தக் காகிதம் நாளைக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு கதவைத் திறக்கலாம். ‘லாம்’ தான், உறுதி கிடையாது.

சிக்கல் என்னவென்றால், பல்கலைக்கழக அணியைக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். முதல் ஆட்டத்திலேயே நாங்கள் தோற்றால் அவனை யாரும் பார்க்கவே மாட்டார்கள். அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அந்தக் கபடிக்கார கோல்கீப்பர் தட்டிவிடும் பந்தில்தான் அவன் எதிர்காலம் இருக்கிறது. டீம் கேம் என்று சும்மா சொல்லவில்லை பாருங்கள்.

என் கணிப்பு இது. கோப்பை வராது. முதல் ஆட்டம் ஜெயிக்கலாம், இரண்டாவது ஆட்டம் கஷ்டம். பெனால்டி கார்னரில்தான் அடி வாங்குவோம். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டில் நின்று தடுக்க வேண்டும். எங்களுக்குப் போன இரண்டு ஃபுல்பேக்கும் அந்த ஐந்தில் இருந்தவர்கள். முதலில் பாய்ந்து ஓடுகிறவன் யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்கு மட்டும் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி சாரிடம் கேட்டிருக்கிறேன். ஸ்கோர் எழுதுகிறவன் பேச்சையும் கேட்கிற மனுஷன் அவர், ஒதுக்கியும் விட்டார்.

ஃபார்வர்டு இந்த செமஸ்டர் முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் என்னுடையது. வேலை பற்றி ஆரம்பித்தால் பேச்சை மாற்றுவதும் இனி என் வேலைகளில் ஒன்று.

நம்ம காலேஜ் மக்களே, மேட்ச் தேதி வந்ததும் சொல்கிறேன். வந்து ஓரமாக நின்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போங்கள். ஆள் பற்றாத டீமுக்கு அதுவும் ஒரு ஆள் மாதிரிதான்.