பாதி பவர் வீணாத்தான் போகணுமா?

ஹாம் ரேடியோவுக்குப் புதுசா வர்ற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது: "அண்ணே, இம்பீடன்ஸ் மேட்ச் பண்ணா பாதி பவர் சூடாவே போயிடுமாமே, அப்புறம் எதுக்கு மேட்ச் பண்ணணும்?"

பாவம், புத்தகத்துல படிச்சதைத்தான் கேக்குறாங்க. உள்தடையும் லோடும் சமமா இருந்தா லோடுக்கு அதிகபட்ச பவர் போகும், அதே அளவு பவர் உள்ளேயும் எரியும். 1840 வாக்குல ஜெகோபி சொன்ன விதி. இதை வெச்சுத்தான் அந்தக் காலத்துல மோட்டாரோட திறன் 50 சதவீதத்தைத் தாண்டாதுன்னு நம்பினாங்க. எடிசன் பக்கத்து ஆளுங்க உள்தடை கம்மியான டைனமோவைச் செஞ்சு அந்த நம்பிக்கையை உடைச்சாங்க.

விதி தப்பில்லைங்க. உள்தடையை மாத்த முடியாதப்போ லோடை எவ்வளவு வைக்கலாம்னு மட்டும்தான் அது சொல்லுது. ரிசீவருக்கு அது சரி, ஆன்டெனாவுல வர்ற துளி சிக்னல்ல யாரு திறன் கணக்கு பாக்கப்போறா?

டிரான்ஸ்மிட்டர் கதையே வேற. 12 வோல்ட் சப்ளையில 5 வாட்ஸ் வேணும்னு வைங்க. வோல்டேஜோட வர்க்கம் 144. அதைப் பவரோட ரெண்டு மடங்கான 10-ஆல வகுத்தா 14.4 ஓம். டிரான்சிஸ்டர் பாக்க வேண்டிய லோடு அதுதான். அதோட உள்தடை இந்தக் கணக்குல வரவே இல்ல, கவனிச்சீங்களா?

50 ஓம் ஆன்டெனாவை நேரா மாட்டினா 1.44 வாட்ஸுக்கு மேல வராது. லோடு ரொம்பக் குறைஞ்சாலோ கரண்ட் எகிறி டிரான்சிஸ்டர் சொர்க்கத்துக்குப் போயிடும் :)

அதனால நடுவுல ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டிரான்சிஸ்டர் பக்கத்துலேர்ந்து வரிசையா சுமார் 0.5 மைக்ரோஹென்றி, ஆன்டெனா பக்கம் குறுக்கே சுமார் 700 பிகோஃபாரட். 50 ஓம் அங்கேர்ந்து பாத்தா 14.4 ஓமா தெரியும். ரெண்டும் சக்தியை வாங்கி வெச்சுத் திருப்பித் தர்ற சாமான், எரிக்கிறது சொற்பம். மேட்டுல கியர் மாத்துற சைக்கிள்காரன் மாதிரிதான். காலுக்கு எந்தச் சுமை தோதோ அதைத் தேர்ந்தெடுக்கிறான், அவ்ளோதான்.

கிளாஸ் பி ஆம்ப்ளிஃபையருக்கு ஏட்டுக் கணக்குல 78.5 சதவீதம் வரைக்கும் திறன் கிடைக்கும். நடைமுறையில குறையும், ஆனா 50-ங்கிற சுவரு அங்க கிடையாது.

'பாதி வீண்'ங்கிற பயத்துல சொந்தமா செய்யுற ஆசையையே விட்டவங்களைப் பாத்திருக்கேன். அதான் வருத்தம். லைசென்ஸ் கையில இருக்கா? காயிலைச் சுத்துங்க. முதல் சோதனை மட்டும் டம்மி லோடுல நடக்கட்டும்.