'இன்னிக்கு ரிலீஸ் வேண்டாம்!'

டெஸ்ட்டர் என்றாலே குறை கண்டுபிடிப்பவர் என்றுதான் ஐ.டி அலுவலகங்களில் பலருக்கு நினைப்பு. டெவலப்பர் இரண்டு வாரம் கண்விழித்து எழுதியதை, 'இது வேலை செய்யலையே' என்று இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்புவார். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்! கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால், நல்ல டெஸ்ட்டர் ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தால், அவர் வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெயர் கேட்கும் இடத்தில் எதையும் எழுதாமல் பட்டனை அழுத்துவார். வயது மைனஸ் ஐந்து என்பார். பிப்ரவரி 29-ல் பிறந்தவராக மாறுவார். பொறுமையில்லாத மாமா மாதிரி, பணம் கட்டும் பட்டனைப் படபடவென நான்கு முறை தட்டிவிட்டு, பணம் ஒரு தடவைதான் போயிருக்கிறதா என்று பார்ப்பார். பாதியில் நெட்டை அணைப்பார்.

சில படிவங்களில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம். அதுவும் இரண்டு எழுத்தாவது வேண்டும். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அங்கே போட இருப்பது ஒற்றை இனிஷியல்தான். அந்தக் கட்டம் சிவப்பாகி நின்றால், திருச்சியில் போனை வைத்துக்கொண்டு திணறும் ஒரு பாட்டி அதைத் தாண்டவே முடியாது. அந்தப் பாட்டிக்காக மீட்டிங்கில் பேசுபவர் பெரும்பாலும் டெஸ்ட்டர் மட்டும்தான்.

'யாராவது அப்படிச் செய்வார்களா?' என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நிலவுக்குப் போன அப்போலோ திட்டத்திலும் இதே கேள்வி வந்தது. விண்கலத்துக்கான சாஃப்ட்வேர் எழுதிய குழுவை எம்.ஐ.டி ஆய்வகத்தில் வழிநடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். வேலைக்கு உடன் வந்த அவருடைய சின்ன மகள், மாதிரிக் கருவியில் விளையாட்டாகப் பட்டன்களைத் தட்டினாள். பறந்துகொண்டிருக்கும்போதே, புறப்படுவதற்கு முன் ஓட வேண்டிய புரோகிராம் கிளம்பி, எல்லாம் நின்றுபோனது. இதற்கு ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார் ஹாமில்டன். 'விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள், அப்படித் தவறு செய்ய மாட்டார்கள்' என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தில் வீரர் ஜிம் லவல் அதே தவற்றைச் செய்தார். வழிகாட்டும் தகவல்கள் அழிந்துபோக, நட்சத்திரங்களைப் பார்த்து திசையைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஹாமில்டன் கேட்ட தடுப்புக்கு அதன்பிறகுதான் அனுமதி கிடைத்தது. 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஐ.டி அலுவலகத்து டெஸ்ட்டருக்குப் பதக்கமெல்லாம் வேண்டாம். அப்ரைசலில் நியாயம் கிடைத்தால் போதும். எத்தனை பக் பிடித்தார் என்று எண்ணிப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. இது விசித்திரமான கணக்கு. டிசைன் பேசும்போதே 'இந்த இடத்தில் நெட் போனால் என்ன ஆகும்?' என்று கேட்டு, பத்து பக்குகளைப் பிறக்கவிடாமல் செய்தவருக்கு அந்தக் கணக்கில் பூஜ்யம்தான். முந்தைய நாள் இரவு, மேனேஜர் முறைக்க, கிளையன்ட் லைனில் காத்திருக்க, 'இன்னிக்கு ரிலீஸ் வேண்டாம்' என்று சொல்லும் தைரியத்துக்கும் அதில் இடம் கிடையாது. நடக்காமல் போன விபத்தை யார் எண்ணுவது?

அதனால் 'குட் ஜாப்' என்று பொதுவாகச் சொல்லி நகராதீர்கள். 'பணம் இரண்டு தடவை போகவிருந்ததைப் பிடித்தது இவர்தான்' என்று மேனேஜருக்கும் சேர்த்து மெயில் போடுங்கள். அப்ரைசல் நேரத்தில் அவர் காட்டுவதற்கு அந்த ஒரு வரியாவது இருக்கும். அனுப்பும்முன் அவர் பெயரின் ஸ்பெல்லிங்கை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், அதையும் ஒரு பக் என்று பதிவுசெய்துவிடுவார்!