தோற்ற டாஸில் கிடைத்த குதிரை!

பாரிஸ் என்றதும் ஈஃபில் டவரைத் தேடாதீர்கள். இது அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து பாரிஸ். லெக்சிங்டன் நகரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் பச்சைப் புல், வேலி, குதிரை... மறுபடியும் புல், வேலி, குதிரை! உள்ளூர்க்காரரைக் கேட்டால், "மண்ணுக்கு அடியில சுண்ணாம்புப் பாறை சார். அந்தத் தண்ணியைக் குடிச்சு, இந்தப் புல்லை மேய்ஞ்சாத்தான் குட்டிக்கு எலும்பு உறுதியா வளரும்" என்கிற ரீதியில் பேசுவார்.

1910-ல் தொடங்கிய கிளெய்போர்ன் ஃபார்ம் இங்கேதான் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் சுற்றிக் காட்டுகிறார்கள். லாயங்களைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் போய் நிற்கிற இடம் ஒரு சின்ன மயானம். அங்கே ஒரு கல்லில் பெயரும், 1970 - 1989 என்று வருடமும். பெயர்: செக்ரடேரியட்.

சிரிக்காதீர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு மேஜைக்கு மேஜை ஊர்ந்து போகும் ஃபைல்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த செக்ரடேரியட் மட்டும் பறந்தது!

குதிரை பிறக்கும் முன்பே அதன் கதையில் ஒரு டாஸ். போல்டு ரூலர் என்ற பொலிகுதிரை ஃபிப்ஸ் குடும்பத்துடையது. அதனிடம் பெண் குதிரைகளை அனுப்பிய செனரி குடும்பம் கட்டணமாகப் பணம் தர வேண்டியதில்லை. பிறக்கும் குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். யாருக்கு எது? 1969-ல் காசைச் சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்த ஓக்டன் ஃபிப்ஸ், பிறந்திருந்த பெண் குட்டியை எடுத்துக்கொண்டார். தோற்ற பென்னி செனரிக்கு வந்த பங்கில், தாய் வயிற்றிலிருந்த குட்டியும் உண்டு. ஃபிப்ஸ் எடுத்த அக்கா ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. 1970 மார்ச் 30 அன்று வர்ஜீனியாவில் பிறந்த தம்பிதான் செக்ரடேரியட்! இரண்டு வயதிலேயே, 1972-ன் சிறந்த குதிரை என்ற பட்டமும் வாங்கிவிட்டது.

இனி கணக்கு வழக்கு. பி.காம். படித்தவனுக்கு இந்த இடம்தான் ருசி. 1973 ஜனவரியில் பென்னியின் அப்பா இறந்துபோனார். சொத்துக்கு வரி கட்டியாக வேண்டும். கையில் இருக்கும் பெரிய சொத்தோ நாலு காலில் நிற்கிறது! கிளெய்போர்னின் சேத் ஹான்காக், அப்போது 23 வயதுப் பையன், போனும் கையுமாக உட்கார்ந்தார். குதிரையை 32 பங்காகப் பிரித்தார். பங்கு ஒன்று 1,90,000 டாலர். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அன்றைக்கு அது ரெகார்டு. பங்கு வாங்கியவர் வருடத்துக்கு ஒரு பெண் குதிரையை அனுப்பலாம். நிபந்தனை, 1973-ஓடு ரேஸுக்கு முழுக்கு. ஓடி முடிக்கும் முன்பே ரிட்டையர்மென்ட் ஆர்டர் ரெடி!

கென்டக்கி டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு, உட் மெமோரியல் ரேஸில் நம்ம ஆள் மூன்றாவதாக வந்தது. பங்கு வாங்கியவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா? வாயில் சீழ்க்கட்டி இருந்தது தெரிய வந்தது. அது சரியானதும் மே 5 அன்று டெர்பியை 1 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தது. ஒவ்வொரு கால் மைலையும் அதற்கு முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியிருந்தது! அடுத்து ப்ரீக்னஸ். அதுவும் வெற்றி. ஜூன் 9 பெல்மாண்ட்: ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 விநாடி. இரண்டாவது குதிரை 31 குதிரை நீளம் பின்னால்! ஜாக்கி ரான் டர்காட் கழுத்தைத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பந்தயம் கட்ட வேறு யாரும் பக்கத்தில் இல்லையே! 25 வருடம் கழித்து மூன்று கிரீடமும் ஒரே குதிரைக்கு. அந்த மூன்று ரேஸ்களிலும் அதன் ரெகார்டு இன்றுவரை நிற்கிறது.

மொத்தம் 21 ரேஸ், 16 வெற்றி. 1973 நவம்பரில் கிளெய்போர்னுக்கு வந்து, அப்பா போல்டு ரூலர் இருந்த அதே லாயத்தில் குடியேறியது. வந்ததும் இன்னொரு கலக்கம். பரிசோதனையில், விந்து முழுசாக முதிரவில்லை என்று ரிப்போர்ட். பந்தய ஜாதியைச் சேராத ஒரு பெண் குதிரையோடு சேர்த்துப் பார்த்தார்கள். சினை பிடித்தது. 32 பங்கும் மூச்சு விட்டது!

ஸ்டட்டில் கொடி நாட்டியதா? அங்கேதான் கொஞ்சம் இழுபறி. லேடீஸ் சீக்ரெட், ரைசன் ஸ்டார் என்று சாம்பியன்கள் பிறந்தன. ஆனால், 'அப்பனை மிஞ்சிய பிள்ளை' வரவில்லை என்று ஊர் உதட்டைப் பிதுக்கியது. மானத்தைக் காப்பாற்றியது பெண் பிள்ளைகள். ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் என்று பெயர் பெற்ற மூன்று பொலிகுதிரைகள் மகள் வயிற்றுப் பேரன்கள். 2015-ல் அமெரிக்கன் ஃபரோ, 2018-ல் ஜஸ்டிஃபை என மூன்று கிரீடம் வென்ற இரண்டு குதிரைகளிலும் ஸ்டார்ம் கேட் வழியாகத் தாத்தாவின் ரத்தம் ஓடுகிறது.

குளம்பு வீக்க நோய் முற்றி, 1989 அக்டோபர் 4 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தைத் தராசில் வைக்கவில்லை. கண்ணளவில் 22 பவுண்டு இருக்கும் என்றார். சாதாரணக் குதிரைக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! பந்தயக் குதிரை இறந்தால் தலை, இதயம், குளம்பு இவற்றை மட்டும் புதைப்பது அங்கே வழக்கம். இதை முழுசாகப் புதைத்தார்கள். அதே மயானத்தில்தான் அப்பா போல்டு ரூலரும், தாத்தா நஸ்ருல்லாவும்.

வெளியே வரும்போது ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது. பெல்மாண்டில் 2 டாலர் கட்டியவருக்கு 2 டாலர் 20 சென்ட் கிடைக்கும். ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 கடைசிவரை கவுன்ட்டருக்குத் திரும்பவே இல்லை. லாபத்தை மட்டுமா, போட்ட முதலையே விட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். இதை எந்தப் பக்கம் எழுதுவது... வரவா, செலவா?