சேத்தக்காரர்களும் லாம்பிக்காரர்களும்

பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களில் சேத்தக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பியாஜியோவோடு ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும், வெஸ்பாவின் சாயலிலேயே பஜாஜ் 1972இல் இறக்கிய வண்டி சேத்தக். ஊரெல்லாம் ஓடியதால் கிளட்ச் பிளேட், கியர் கேபிள், பிஸ்டன் ரிங் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

லாம்ப்ரெட்டா வழிவந்த லாம்பி, விஜய் சூப்பர் வைத்திருக்கும் நம் பாடுதான் திண்டாட்டம். லாம்ப்ரெட்டா செய்த மிலானின் இன்னொசென்டி ஆலை இயந்திரங்களை வாங்கி லக்னோவில் விஜய் சூப்பர் செய்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா, ஸ்கூட்டரை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

அதனால் பாகம் வேண்டுமென்றால், சென்னையில் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள்தான் கதி. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பல்லை எண்ணி, மரையைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். சைடு பேனல் மட்டும் புதிது வேண்டாம். தகடு மெலிசு, ஓட்டைகள் நேராக வராது. ஒடுங்கிய ஒரிஜினலை வாங்கி டிங்கரிடம் கொடுத்தால், தட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்து, கச்சிதமாக உட்கார வைத்துவிடுவார்.

லாம்பி ஸ்பீடோமீட்டர் எங்காவது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மக்களே. முள் ஆடாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடி முழுசாக இருந்தால் போதும்.