மோட்டாருக்கு ஒன்றரை ஜிபி

ரிமோட்டுக்குப் போட்ட பாலிதீன் உறை. நான்கு வருடம் ஆச்சு. உள்ளே ரிமோட் புதுசு. வெளியே சவுண்டு பட்டன் எது என்று தெரியாத அளவுக்கு அழுக்கு.

எண்கள் அழிந்தது உறையில். ரிமோட்டில் இல்லை.


சித்தப்பாவின் போனில் ‘கிணறு’ என்று ஒரு பெயர். உண்மையில் அது போர்வெல். கிணறு வற்றிப் போய் முள் மூடிக் கிடக்கிறது.

கிணறுதான் கூப்பிடும். கரண்ட் வந்தால் ஒரு தடவை. போனால் ஒரு தடவை.


ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி. உள்ளே சிம். நாம் அடித்தால் அதுவே எடுக்கும். பெண் குரல். மும்முனை மின்சாரம் உள்ளதாம், மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்த வேண்டுமாம்.

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் மும்முனை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. த்ரீ ஃபேஸ்.


போரில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். பெட்டி அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்திவிடும். உடனே போன்.

எரியோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, ரசம் ஊற்றிய இலையோடு, அந்தக் குரலைக் கடைசிவரை கேட்டார் சித்தப்பா. “சரிம்மா” என்று சொல்லி வைத்தார்.


ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அந்துருண்டை இரண்டு. பல்லிக்கு. காண்டாக்டரில் பல்லி நசுங்கினால் மோட்டார் எடுக்காது, போன் என்ன அடித்தாலும். இதுவரை வந்த எந்த அப்டேட்டிலும் பல்லிக்கு வழி இல்லை.


தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். 1990லிருந்து.

சிம்முக்குக் காசு.

28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ். மோட்டாருக்கு வருடத்துக்குப் பதின்மூன்று மாதம்.

பேச்சுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. அதுவரை மோட்டாருக்குத் தினமும் ஒன்றரை ஜிபி. நூறு எஸ்எம்எஸ். பாட்டு, படம் எல்லாம் அதிலேயே அடக்கம்.

ஒன்றையும் பார்க்கவில்லை.


சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுப் பார்த்தேன். தனிநபர் கடன் தயாராக இருக்கிறதாம், இரண்டே நிமிடமாம். கீழே ஒரு பிறந்தநாள் வாழ்த்து. யாருக்கு?


நடுவில் கொஞ்ச நாள், மோட்டாருக்கு அடித்தாலும் முதலில் சைபர் மோசடி எச்சரிக்கை ஓடியது. 1930 என்ற புகார் எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் மணி போகும். த்ரீ ஃபேஸ் இருக்கிற நேரமே கொஞ்சம்.


முன்பு ராத்திரி கரண்டுக்குச் சித்தப்பா நடந்து போவார். கையில் நோக்கியா 1100. 2003இல் வந்த மாடல், தலையில் டார்ச். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது, 2014இல் மூடியும் போனது. சித்தப்பாவின் 1100 ஜன்னலில் இருக்கிறது. சிம் கிடையாது. டார்ச் எரிகிறது. இப்போதும் மாட்டுக்கொட்டகைக்கு அதுதான்.

புதுப் போனில் டார்ச் போட எத்தனை தள்ளு தள்ள வேண்டியிருக்கிறது.


தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை. இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலும் மெய்.

‘குஜிலியம்பாறை’ என்று ஊர்ப் பெயரை அடித்தால் ‘ஜ’வுக்கு மட்டும் ஷிப்ட். ‘ம’ அடித்து ‘ப’ அடித்தால் ம தலையில் புள்ளி தானாக விழும்.

அந்தப் புள்ளி விழுவதைப் பார்க்க, வேலை இல்லாதபோதும் ஊர்ப் பெயரை அடிப்பதுண்டு.

வாயால் சொன்னால் ‘கூலி எம் பாறை’ என்று எழுதியது போன்.


போனில் ‘அம்மா’ என்று அடித்தேன். அடுத்த சொல்லாக ‘உணவகம்’ தருகிறது.


ஜெராக்ஸ் கடை. மனு ஒன்று. பாமினி எழுத்துருவில் அடித்தது, வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் கிறுக்கல். பாமினி இல்லாத இடத்தில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

கடைக்காரப் பெண் அந்தக் கிறுக்கலை அப்படியே வாசித்தார். தடுக்காமல். “முதியோர் உதவித்தொகை மனுண்ணே, பேரு மட்டும் தப்பா இருக்கு.”

பக்கத்தில் நின்றவர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டிருக்கலாம்.


டீக்கடை ஒலிப்பெட்டி. மத்தியானம் கடைக்காரர் தூங்குகிற நேரத்தில் சவுண்டைக் குறைத்து வைக்கிறார். பன்னிரண்டு ரூபாய் வந்ததாக அது ரகசியம் சொல்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், அக்கா போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பினான். பெட்டி பேசுவதைக் கேட்கத்தான். கடைக்காரர் ஒரு தேன்மிட்டாயை எடுத்து நீட்டினார். கணக்கு கணக்குதான்.


துணிக்கடை. வயதான அம்மா ஒருவர் பின் நம்பரைச் சத்தமாகச் சொல்கிறார். கடைப் பையன் அமுக்குகிறான். சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லோரும் திடீரென்று சேலை பார்க்க ஆரம்பித்தார்கள்.


நூறு நாள் வேலை. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர, எல்லா இடத்திலும் வருகைப் பதிவு செயலியில். நாளுக்கு இரண்டு போட்டோ.

சிக்னல் ஓடைக்கரை மேட்டில்தான் கிடைக்கும். பணித்தளப் பொறுப்பாளர் மேட்டில் நின்று கையைத் தூக்குகிறார். கொஞ்சம் தள்ளிப் போகிறார். மறுபடி தூக்குகிறார். கீழே இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே ஏறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள்.

போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது.

இங்கே ஒரு அக்கா, படத்துக்கு மட்டும் தலைத்துண்டை அவிழ்த்து, முடியை ஒதுக்கி, நிமிர்ந்து நிற்கிறார். தினமும். இரண்டு வேளையும்.

அந்தப் படங்களை யார் பார்ப்பார்கள்.


அரசு கொடுத்த இலவச லேப்டாப். தம்பி பன்னிரண்டாவது படித்தபோது வந்தது. ஆன் செய்தால் இரண்டு வாசல் காட்டும்: விண்டோஸ், பாஸ். பாஸ் என்பது சி-டாக் செய்த லினக்ஸ். அந்த வாசல் வழியாக எங்கள் தெருவில் யாரும் போனதாகத் தெரியவில்லை.

பேட்டரி போய்விட்டது. வயரோடு ஓடுகிறது. தம்பி பெண்டாட்டி தையல் மெஷின் பக்கத்தில் வைத்து ஜாக்கெட் டிசைன் பார்க்கிறாள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரை அதுதான் என்கிறாள். டிவி இருக்கிறது. டிவி மாமியாருடையது.


போன் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் கடைசியில் ஓர் அட்டையால் காற்றுக்குமிழைத் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோகிறார். காத்திருக்கிற எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசிக் குமிழ் வெளியே போனதும் யாரோ “ஆங்” என்றார்.

இந்த வருடத்தில் தொழில்நுட்பம் கொடுத்த முழு நிம்மதி இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.


அய்யலூர் ஆட்டுச் சந்தை. வியாழக்கிழமை. விடிகாலையில் அத்தனை போனும் ஒரே டவரைத் தேடுகின்றன.

ஒரு கிடா. விலை படிந்துவிட்டது. வாங்கியவர் அனுப்பிவிட்டார், அவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. விற்றவருக்கு வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“போயிருச்சுங்க, பாருங்க.”

“எனக்கு வரலீங்களே.”

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். கயிறு யார் கையில் இருப்பது என்பதுதான் சிக்கல். இவர் விடமாட்டார், அவர் வாங்காமல் நகரமாட்டார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்தார்கள். அவர் விற்கவும் வரவில்லை, வாங்கவும் வரவில்லை. லாரி டிரைவர். டீயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

“சீக்கிரம் பாருங்கப்பா, நான் கரூர் போகணும்.”