ஒரே கடல், வெவ்வேறு சாப்பாடு



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சன்பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சுமார் 190 கிலோமீற்றர் தூரத்தில் மொன்டரே என்றொரு கடற்கரை நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் சாளை மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் இங்கே வரிசையாக நின்றன. மீன் குறைந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று இருந்த இடத்தில் 1984இல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

அதன் பக்கத்துக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். நீண்ட கடற்பாசிகளுக்கு இடையில் பழுப்பு நிறப் பிராணியொன்று மல்லாந்து மிதப்பதைக் காணலாம். "டக், டக்" என்று சத்தம் கேட்கும். நெஞ்சின் மேல் ஒரு கல்லை வைத்து, அதில் சிப்பியை மோதி உடைத்துச் சாப்பிடுகிறது. இதுதான் கடல் நீர்நாய்.

திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்புப் படை இதற்கு இல்லை. குளிரைத் தாங்க அல்லாஹ் அதற்குக் கொடுத்திருப்பது அடர்ந்த உரோமமும் பெரும் பசியும் ஆகும். தன் உடல் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உணவை அது தினமும் தேட வேண்டும். அந்த உரோமமே அதற்கு வினையாகவும் வந்தது. தோலுக்காக வேட்டையாடியதில் கலிபோர்னியாவில் இவ்வினம் அழிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர். 1938இல் மொன்டரேக்குத் தெற்கே ஐம்பது அளவில் காணப்பட்டன. இன்று அங்கே சுமார் 3,000 இருக்கின்றன.

இவை என்ன சாப்பிடுகின்றன என்று கேட்டால் நண்டு, நத்தை, மட்டி, கடல் முள்ளெலி என்று ஒரு பட்டியலே சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலோடு நிற்கவில்லை. பின்கால்களில் வர்ண அடையாளத் துண்டுகளைப் பொருத்தி, கரையிலிருந்து தொலைநோக்கியால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்தனர். எவ்வளவு நேரம் மூழ்கியது, எதைக் கொண்டு வந்தது, அது எத்தனை பெரியது என்று பொறுமையாக எழுதி வைத்தனர்.

1983 முதல் 1990 வரை பத்துப் பெண் நீர்நாய்களைப் பற்றிச் சேர்த்த விபரங்கள் வியப்பைத் தந்தன. ஒரே கடலில் வாழ்ந்தும் அவற்றின் சாப்பாடு ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. ஒவ்வொன்றும் ஒன்று முதல் நாலு வகை உணவையே பெரிதும் நாடியது. ஒன்றுக்கு நண்டென்றால் இன்னொன்றுக்கு நத்தை. தாயின் பழக்கம் மகளிடமும் தென்பட்டது. சுமார் ஆறு மாதம் தாயோடு திரியும் குட்டி, அவள் கொண்டு வருவதைத் தின்று, அவள் உடைக்கும் விதத்தைப் பார்த்தே பழகுகிறது.

காரணம் வெறும் ருசியல்ல. உணவு தாராளமாக உள்ள சான் நிக்கொலஸ் தீவில் இந்த வேறுபாடு குறைவு என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தட்டுப்பாடு வரும்போதுதான் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வழியில் ஆபத்தும் உண்டு. பூனையின் மலத்தில் வெளியேறும் 'டொக்சோபிளாஸ்மா' என்னும் நோய்க்கிருமி மழைநீரோடு கடலைச் சேர்கிறது. சிறிய நத்தைகளை அதிகம் தின்னும் நீர்நாய்களிடம் இத்தொற்று கூடுதலாக இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய நோய் இது. எல்லா நீர்நாய்களையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் பார்த்திருந்தால், எந்தத் தாயும் குட்டியும் ஆபத்தில் இருக்கின்றன என்பது தெரிந்திருக்காது.

சகோதரிகளே, இதே கிருமி நம்மையும் தொற்றக்கூடியது. கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு செய்யும். அதற்காக வீட்டுப் பூனையை விரட்ட வேண்டாம். அதுவும் அல்லாஹ்வின் படைப்பு, பழியும் அதனுடையதல்ல. பூனையின் கழிவை ஓடையிலோ மலசலகூடத்திலோ கொட்டாமல், உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். பச்சைக் காய்கறிகளை நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள்.

உம்மா ஊட்டும் ஒரு பிடிச் சாப்பாடு குட்டியின் வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. கடலிலும் அப்படித்தான்.